கண்ணை மூடு! சீட்டைப் பார்!

கண்ணை மூடச் சொல்கிறார்கள். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடச் சொல்கிறார்கள். சற்று முன் கட்டிலிருந்து உருவிய சீட்டை மனக்கண் முன் நிறுத்தச் சொல்கிறார்கள். சீட்டு வளர்கிறது, ஆள் உயரம் ஆகிறது, அதன் ஓரக்கோடு வாயிற்படி ஆகிறது. "உள்ளே செல்!" என்கிறது வழிகாட்டும் குரல். உள்ளே அரசன் இருக்கலாம், துறவி இருக்கலாம், தலைகீழாகத் தொங்கும் மனிதன் இருக்கலாம். அவனை அணுகி, "எனக்கு நீ சொல்ல வந்தது என்ன?" என்று கேட்கவேண்டுமாம். அவன் கூறுவதைக் கேட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பி, கண் விழித்து, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவேண்டுமாம். இதற்குப் பெயர் டாரட் தியானம். தன்னைத் தானே அறிய இதைவிட நல்ல வழி இல்லை என்று சான்று பகர்கிறார்கள்.

வெறும் குறி சொல்லும் கூட்டம் என்றால் நாம் ஒரே வரியில் முடித்திருப்போம். கிளி எடுத்தால் என்ன, கிளியைப்போல் பேசப் பழகியவர் எடுத்தால் என்ன, சீட்டுக்கு நாளை நடப்பது தெரியாது என்று கூறிவிட்டு வேறு வேலை பார்த்திருப்போம். ஆனால் இவர்கள் பேச்சு வேறு. "நாங்கள் எதிர்காலம் சொல்லவில்லை. சீட்டில் தெய்வ சக்தி இருக்கிறது என்றும் சாதிக்கவில்லை. படம் ஒரு கண்ணாடி. பார்ப்பவர் தம் உள்ளத்தையே அதில் காண்கிறார். தன்னை ஆராய்வது பகுத்தறிவுக்குப் பகையா?" என்று கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி. ஏளனம் செய்து ஒதுக்கிவிடக் கூடாத கேள்வி. ஏனெனில், கோயிலுக்குப் போகாத இளைஞர்கள், சாதகம் பார்க்காத இளைஞர்கள், நம் கூட்டங்களுக்கு வரும் இளைஞர்களிலேயே சிலர், "இதில் என்ன தவறு?" என்று கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். அமெரிக்காவில் பியூ ஆய்வு நிறுவனம் 2024 அக்டோபரில் எடுத்து 2025இல் வெளியிட்ட கணக்கின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 30 பேர் ஆண்டில் ஒரு முறையேனும் சோதிடத்தையோ டாரட் சீட்டையோ குறிசொல்வோரையோ நாடுகின்றனர். டாரட் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 11 பேர். அவர்களில் பெரும்பாலோர், "வேடிக்கைக்காகத்தான்" என்கின்றனர். வேடிக்கையாக நுழைந்து, வழக்கமாக வளர்ந்து, வாழ்க்கையாக நிலைத்துவிட்டவை எத்தனை என்பதை நாம் அறிவோம். ஆகவே, படத்தைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் இதன் பிறப்பு. எகிப்தின் கோயில் இருட்டிலே, பண்டைய குருமார் தம் ஞானத்தையெல்லாம் படங்களாக்கி மறைத்துவைத்தனர் என்று ஒரு கதை உண்டு. கதையைத் தொடங்கியவர் யார்? பாரிசில் வாழ்ந்த கூர் தெ ஜெபலான் என்னும் பாதிரியார். எப்போது? 1781இல். தம் பெருநூலின் எட்டாம் தொகுதியில், இந்தச் சீட்டுக்கட்டு எகிப்தியரின் தோத் தெய்வத்தின் நூல் என்று எழுதினார். அந்த ஆண்டில் எகிப்திய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை! ஷம்போலியோன் அந்த எழுத்தின் பூட்டைத் திறந்தது 1822இல். 41 ஆண்டுகள் கழித்து. திறந்த பிறகு கல்வெட்டுகளைப் படித்தார்கள், கல்லறைகளைப் படித்தார்கள், தாள்சுருள்களைப் படித்தார்கள். டாரட் எங்குமே இல்லை. ஆனால் கதை மட்டும் செத்துவிடவில்லை. வாசிக்க முடியாத மொழியின் பெயரால் பேசுகிறவனுக்கு உள்ள வசதி வேறு யாருக்கு உண்டு? நமக்குப் புரியாத மொழியில் நமக்காக மந்திரம் ஓதப்பட்ட கதையை அறிந்த நமக்கு, இந்தத் தந்திரம் புதிதல்ல.

உண்மை என்ன? சீட்டாட்டம் 14ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மம்லூக் முஸ்லிம்களிடமிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. 1440ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட இத்தாலியச் செல்வர்கள், கிண்ணம், காசு, வாள், கோல் என்னும் நான்கு வகைச் சீட்டுகளோடு, அவற்றையெல்லாம் வெட்டும் துருப்புச் சீட்டுகளாகப் படச்சீட்டுகளைச் சேர்த்தனர். நான்கு வகைக்கு 56, துருப்பு 22, ஆக 78. மிலான் நகர ஆட்சியாளரான விஸ்கொந்தி, ஸ்ஃபோர்சா குடும்பத்தாருக்காகப் பொன்முலாம் பூசித் தீட்டிய கட்டின் சீட்டுகள் இன்றும் நியூயார்க்கிலும் பெர்காமோவிலும் இருக்கின்றன. அது மறைஞானம் அன்று, பிரபுக்களின் பொழுதுபோக்கு. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் மக்கள் அதை மேசையில் போட்டு, புள்ளி எண்ணி ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

1781க்கு முன் சீட்டை வைத்துக் குறி கேட்டதே இல்லை என்று நாம் கூறவில்லை. பொலோனா நகரில் 18ஆம் நூற்றாண்டில் சீட்டுகளுக்குப் பொருள் எழுதிய தாள் ஒன்று கிடைத்திருக்கிறது. ஆனால் ஆட்டச்சீட்டு வேதமானது பாரிசில்தான். எத்தேய்யா என்று தம் பெயரையே தலைகீழாகத் திருப்பிப் போட்டுக்கொண்ட அலியெத் என்பவர், 1785இல் குறிநூல் எழுதினார். 1789இல் குறிக்கென்றே தனிக்கட்டு வெளியிட்டார். பிரெஞ்சு மக்கள் பாஸ்தீல் சிறையை உடைத்த ஆண்டு அது! பிறகு 1850களில் எலிபாஸ் லெவி என்பவர், 22 படத்துக்கும் எபிரேய மொழியின் 22 எழுத்துக்கும் முடிச்சுப் போட்டார். எண் ஒத்துப்போனால் போதும், உண்மையும் ஒத்துப்போகும் என்பது இவர்களின் இலக்கணம்.

இந்தப் புனைவை ஆதாரங்களோடு அவிழ்த்துக் காட்டியவர் மைக்கேல் டம்மெட். 1980இல் டாரட் ஆட்டத்தைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். ஆக்ஸ்போர்டில் தருக்கவியல் பேராசிரியர். 1960களில் பிரிட்டனின் இனவெறியை எதிர்த்து, ஆராய்ச்சியைக்கூடப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போராடியவர். அவர் நாத்திகர் அல்லர், கத்தோலிக்கர். ஆனாலும் ஆதாரம் எங்கே இட்டுச்சென்றதோ அங்கே சென்றார். அந்த நேர்மையை நாம் போற்றுகிறோம்.

"பிறப்பு எதுவாயின் என்ன? இன்று பயன்படுகிறதே!" என்பார்கள். சரி, இன்று பயன்படும் படங்களைப் பார்ப்போம். தியானத்துக்குப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுவது 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு. அதற்கு முன் மூன்று வாள் சீட்டு என்றால் பொதுவாக மூன்று வாள்தான் இருக்கும். 1909 கட்டில்தான் இத்தகைய சீட்டுகளில் பெரும்பாலானவற்றிலும் மனிதர்கள் வந்தார்கள், நிகழ்ச்சிகள் வந்தன, கதை வந்தது. "உள்ளே செல்" என்று சொல்வதற்கு ஓர் 'உள்ளே' கிடைத்தது அதனால்தான்.

அந்த உள்ளே யாருடையது? எகிப்திய முனிவருடையதன்று. 31 வயது ஓவியப் பெண் ஒருத்தியின் கைவண்ணம் அது. பெயர், பமேலா கோல்மன் ஸ்மித். சிறுவயதில் ஜமைக்காவில் வளர்ந்து, அத்தீவின் அனான்சிக் கதைகளை 1899இல் நூலாக்கியவர். நாடக மேடைக்கு உழைத்தவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்துக்குப் படம் வரைந்தவர். 1909இல் சில திங்களுக்குள் இத்தனை படங்களையும் வரைந்து முடித்துவிட்டு, வேலை பெரிது, கூலி மிகச் சிறிது என்று நண்பருக்கு எழுதினார். கட்டுக்குப் பெயர் என்ன வைத்தார்கள்? பதிப்பித்த ரைடரின் பெயரும், எழுதிய வெய்ட்டின் பெயரும். வரைந்தவள் பெயர் நெடுங்காலம் பெட்டியில் இல்லை. 1951இல் கார்ன்வாலில் அவர் கடனாளியாகவே மறைந்தார். உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்கும் படங்களை வரைந்தவளின் உடைமைகள் கடனுக்காக ஏலத்தில் போயின!

இந்தப் படத்துக்குள் போய்த்தான், "என் வாழ்வில் வளம் வருமா?" என்று கேட்கச் சொல்கிறார்கள். படத்தை வரைந்தவளுக்கு வராத வளம்!

சீட்டை வாசலாக்கும் முறைக்கும் வரலாறு உண்டு. 1888இல் லண்டனில் தோன்றிய 'பொன் விடியல்' என்னும் மறைசங்கத்தார், வண்ண வடிவங்களை உற்றுப்பார்த்து, கண்ணை மூடி, அதையே கதவாக்கி நுழையப் பழகினர். மஞ்சள் சதுரம் மண், வெள்ளிப் பிறை நீர், சிவப்பு முக்கோணம் தீ, நீல வட்டம் காற்று, கருமுட்டை வான். எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதல்லவா? ஆம், நம் நாட்டுத் தத்துவச் சரக்குதான்! ராம பிரசாத் என்பவர் எழுதி, பிரம்ம ஞான சபையின் வட்டாரம் 1890இல் வெளியிட்ட நூலின் வழியே அது லண்டன் போய்ச் சேர்ந்தது. அந்தச் சபையின் தலைமையிடம் 1882 முதல் எங்கே? சென்னை அடையாற்றில்! கண்காணா மகாத்மாக்கள் கடிதம் போடுகிறார்கள் என்று அங்கே கூறப்பட்ட கதையை, 1885இல் ஹாட்சன் என்னும் ஆய்வாளர் மோசடி என்று அறிக்கை எழுதினார். ஆக, மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று நம் இளைஞர் வியக்கும் பொருளில் ஒரு பங்கு, இங்கிருந்து கப்பலேறிப் போன பழமை. போகும்போது அதன் பெயர் தத்துவம். திரும்பி வரும்போது அதன் பெயர் உளவியல்.

உளவியல் என்ற பெயருக்குத் துணையாக அழைக்கப்படுகிறவர் சுவிஸ் நாட்டு யுங். விழித்துக்கொண்டே கனவு காண்பதுபோல் உள்ளத்தில் எழும் உருவங்களோடு உரையாடும் முறையை அவர் வகுத்தார். 1933இல் ஒரு கருத்தரங்கில் டாரட் படங்களைப் பற்றியும் பேசினார். ஆனால் அவர் முறையில் உருவம் நோயாளியின் உள்ளத்திலிருந்தே எழவேண்டும். இங்கே உருவம் அச்சகத்திலிருந்து வருகிறது; பொருள் வழிகாட்டியின் வாயிலிருந்து வருகிறது. 1921இல் ரோர்ஷாக் வகுத்த மைக்கறைச் சோதனையைக் குறித்தே இன்றும் வாதம் ஓயவில்லை. அங்கேகூட, "இந்தக் கறைக்குப் பொருள் இது" என்று சோதிப்பவர் முன்கூட்டிச் சொல்வதில்லை. கண்ணாடி என்றால் முன்னால் நிற்பவரைக் காட்டவேண்டும். ஏற்கெனவே உருவம் வரைந்திருக்கும் கண்ணாடி, கண்ணாடியாகுமா?

அந்த உருவங்கள் என்ன கற்பிக்கின்றன? இதுதான் நம் விமர்சனத்தின் நடுப்புள்ளி.

தலைகீழாகத் தொங்குபவன் சீட்டை எடுங்கள். பழைய இத்தாலியில் அதற்கு இன்னொரு பெயர் 'துரோகி'. துரோகிகளை ஒற்றைக் காலில் கட்டித் தொங்கவிட்டதுபோல் சுவரில் தீட்டி இழிவுபடுத்துவது அந்நகரங்களின் வழக்கம். அவன் தண்டனை பெற்ற மனிதன். 1909இல் அவன் தலையைச் சுற்றி ஒளிவட்டம் முளைத்தது. இன்று தியானக்குரல் என்ன சொல்கிறது? "அவனாகவே மாறு. போராடாதே. ஒப்புக்கொடு. உலகைப் புதிய கோணத்தில் பார்." காலில் கட்டிய கயிற்றை யார் கட்டினார் என்று அந்தக் குரல் கேட்கச் சொல்வதில்லை! கட்டியவனை மறந்துவிட்டுக் கட்டுண்டதையே பேறாகக் கருது என்பதற்கு நம் ஊரில் பழைய பெயர் ஒன்று உண்டு. விதி!

கிண்ணமும் பந்தும் வைத்துத் தெருவில் வித்தை காட்டிய ஏழை, பழைய கட்டில் துருப்புச் சீட்டுகளிலே கடைநிலை. அவன் 1909 கட்டில் மந்திரவாதியானான். அண்டத்தின் ஆற்றலை ஆள்பவனானான். ஏமாற்றுவித்தைக்குக் கிடைத்த பதவி உயர்வு அது.

ஐந்து காசு என்னும் சீட்டைப் பாருங்கள். பமேலாவின் கை உண்மையைத் தொட்ட இடம் அது. பனி கொட்டுகிறது. கந்தல் போர்த்திய பெண் வெறுங்காலோடு நடக்கிறாள். பின்னால் ஊன்றுகோலில் ஒருவன். அவர்கள் கடந்துபோகும் சுவரில் மாதா கோயிலின் வண்ணச் சாளரம் ஒளிர்கிறது. உள்ளே விளக்கு, வெளியே பனி. தியான நூல்கள் இதற்கு இப்படிப் பொருள் கூறுகின்றன: உதவி அருகிலேயே இருக்கிறது, நீதான் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை, உன் வறுமை உன் மனநிலை. நாம் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தோம். சாளரம் இருக்கிறது; ஒளி இருக்கிறது; கதவு இல்லை! படம் முழுதும் தேடினாலும் அந்த ஏழைகள் நுழைய ஒரு கதவு இல்லை. ஓவியம் சமுதாயத்தைக் குற்றஞ்சாட்டுகிறது. தியானம் ஏழையைக் குற்றஞ்சாட்டுகிறது.

அடுத்தது ஆறு காசு. வணிகன் ஒரு கையில் தராசு பிடித்திருக்கிறான். மறு கையால் மண்டியிட்ட இருவருக்குக் காசு போடுகிறான். "கொடுப்பதும் பெறுவதும் சமநிலை பெறட்டும்" என்கிறது குரல். தராசு ஏன் கொடுப்பவன் கையில் மட்டும் இருக்கிறது? பெறுபவர் ஏன் நிற்கவில்லை? படம் கேட்கும் கேள்வி இது. கண்ணை மூடியவனுக்கு அது கேட்காது.

மணிமுடி கீழே விழும் சீட்டுகளும் கட்டில் உண்டு. மரணச் சீட்டில் மன்னன் மண்ணில் கிடக்கிறான். பொன்னாடை பூண்ட மதகுரு கைகூப்பி நிற்கிறான். கோபுரச் சீட்டில் இடி விழுந்து முடி சரிகிறது. இவற்றைக் கண்ட பிறகாவது ஆட்சியும் மடமும் நிலையல்ல என்ற எண்ணம் வரலாமே! வராது, வரவிடமாட்டார்கள். "அது உன் அகந்தை, உன் பழைய நான்" என்று அடக்கிவிடுவார்கள். பேரரசன் வந்தாலும் உனக்குள்ளே, பிச்சைக்காரன் வந்தாலும் உனக்குள்ளே. உலகம் முழுவதையும் ஒருவன் மண்டைக்குள் அடைத்துவிட்டால், வெளியே மாற்றுவதற்கு என்ன மிஞ்சும்?

"ஆனால் சொன்னது அப்படியே எனக்குப் பொருந்தியதே!" என்று அனுபவம் பேசுவோர்க்கு ஒரு செய்தி. 1948இல் அமெரிக்க உளவியலாளர் போரர், தம் மாணவர் 39 பேருக்குச் சோதனை வைத்து, ஆளுக்கொரு குணச்சித்திரம் எழுதிக் கொடுத்தார். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டார். சராசரி 4.26! பிறகுதான் அனைவருக்கும் கொடுத்தது ஒரே தாள் என்று வெளிப்பட்டது. கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து பெரும்பாலும் எடுத்த வாசகங்கள் அவை. "சில வேளை நீ தயங்குகிறாய்" என்றால் யாருக்குத்தான் பொருந்தாது?

இன்னும் கவலைக்குரியது ஒன்று உண்டு. லாஃப்டஸ் என்னும் அம்மையாரும் அவர் துணைவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் காணாமற்போனதாக, நடக்காத ஒரு நிகழ்ச்சியை 24 பேரிடம் நடந்ததாகவே கூறினர். நினைவுகூர முயன்றவர்களுள் 6 பேர், முழுதாகவோ பகுதியாகவோ, அது நினைவிருக்கிறது என்றனர்! கற்பனை செய்து பார்த்தாலே நடந்தது போன்ற உறுதி வளர்கிறது என்று 1996இல் இன்னோர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் 1980களிலும் 1990களிலும், வழிகாட்டிய கற்பனையில் 'மீண்ட' பொய் நினைவுகளால் குடும்பங்கள் பிளந்தன, வழக்குகள் நடந்தன. கண்ணை மூடிய மனிதன் முன் பிறன் குரல் வைக்கும் உருவம் விளையாட்டன்று. துயரத்தில் இருப்பவர், பித்துற்ற தாய், வேலை இழந்த மகன், கணவனிடம் அடிபட்ட பெண் ஆகியோரே இத்தகைய அறைக்குள் வருகின்றனர். அந்தக் குரலுக்கு என்ன பயிற்சி? தவறினால் யார் பொறுப்பு? அடிபட்ட பெண்ணுக்கு வேண்டியது தொங்குபவனின் அறிவுரையா, சட்டத்தின் துணையா?

இவ்வளவும் கூறிய நாம், ஒன்றை மறுக்கப்போவதில்லை. தேங்கிய சிந்தனையை ஒரு படம் அசைக்கக்கூடும். எதிர்பாராத உருவம், எதிர்பாராத நினைவைக் கிளறக்கூடும். இத்தாலிய எழுத்தாளர் கால்வினோ 1973இல் இதே சீட்டுகளை அடுக்கி, அடுக்கின் வழியே கதைகள் பின்னி ஒரு நாவலே எழுதினார். அவர் சீட்டைக் கதையாக்கினார்; கதையைச் சீட்டின் தீர்ப்பு என்று கூறவில்லை. அது கலை. அதை வரவேற்கிறோம்.

தன்னாய்வையும் வரவேற்கிறோம். தன் அச்சத்தை, தன் சாதிச்செருக்கை, வீட்டுப் பெண்களிடம் தான் காட்டும் ஆதிக்கத்தை ஆராயாதவன் சீர்திருத்தம் பேசத் தகுதியற்றவன். ஆனால் அதற்குச் சீட்டு வேண்டுமா? 1986இல் பென்னிபேக்கர் என்னும் உளவியலாளர், மாணவர்களை நாளுக்கு 15 நிமிடமாக நான்கு நாள், தம் வாழ்வின் பெருந்துயரைத் தாமே எழுதச் செய்தார். பின்வந்த திங்களில் அவர்கள் மருத்துவரை நாடுவது குறைந்தது. அடுத்தடுத்த ஆய்வுகளில் அந்தப் பயன் சிறிதாகவே தென்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சிறிதாயினும், அங்கே வழிகாட்டி இல்லை, கட்டணம் இல்லை, எகிப்து இல்லை. ஒரு தாள், ஓர் எழுதுகோல், உண்மையைச் சொல்லும் துணிவு, அவ்வளவே.

தோழர்களே! டாரட் வைத்திருக்கும் நண்பரோடு சண்டைக்குப் போகவேண்டா. அவர் கையிலிருந்து ஐந்து காசுச் சீட்டை வாங்குங்கள். "கண்ணைத் திறந்துகொண்டே பார்ப்போம்" என்று சொல்லுங்கள். மூன்று கேள்விகளை அவர் முன் வையுங்கள். இந்தப் படத்தை வரைந்தது யார், அவருக்குக் கூலி என்ன கிடைத்தது? இதற்குப் பொருள் சொன்னவர் யார், அந்தப் பொருளால் அவருக்கு ஆதாயம் என்ன? பனியில் நிற்பவர் உள்ளே வரக் கதவு எங்கே?

முதல் இரண்டுக்கும் விடை நூலில் இருக்கிறது. மூன்றாவதற்கு விடை எந்தத் தியானத்திலும் இல்லை. கதவு அந்தச் சுவரில் வரையப்படவில்லை. அதை நாம்தான் வைக்கவேண்டும். அதற்குக் கண் திறந்திருக்கவேண்டும். கை ஓய்வின்றி இருக்கவேண்டும். பக்கத்தில் நடுங்கி நிற்பவர் உருவகமல்லர், மனிதர் என்ற உணர்வு வேண்டும்.